எலிக்குஞ்சு ஆட்டம்

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு. பள்ளியின் கைமணியை டவுனில் நடக்கும் மாலை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெரிய விஷயம் இல்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி எடுத்து வைத்திருக்கிறாள். பகலில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் அவளை எல்லோரும் மாத்திரை என்றுதான் கூப்பிடுவோம். "உன் மணி என்கிட்ட பத்திரமா இருக்கு. நாளைக்கு கிளாஸ்ல தர்றேன். கவலைப்படாம சாப்பிடு" என்று செய்தி அனுப்பியிருந்தாள். ஆனாலும் எழுதி வைக்கிறேன். பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் மேடம் முதல் நாளே சொன்னது அதுதான்: அன்றன்று செய்ததை அன்றன்றே எழுதுங்கள், நல்லதை மட்டும் எழுதாதீர்கள்.

மணியை எடுத்துப்போனதற்குக் காரணம், இன்று வகுப்பில் என் முறை. அவரவர் பள்ளியில் நடத்தும் ஒரு விளையாட்டைச் செய்து காட்ட வேண்டும். நான் எலிக்குஞ்சு ஆட்டத்தைக் காட்டினேன்.

ஆட்டம் இவ்வளவுதான். நான் "எலிக்குஞ்செல்லாம் வளைக்குள்ள!" என்று சொன்னதும் பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. நான் மணி அடித்தால்தான் வெளியே வரலாம். எங்கள் பள்ளி, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைக் கூடம். மூன்று பக்கமும் சோளக்காடு. சுற்றுச்சுவர் ஒரு மூலையில் இடிந்து கிடக்கிறது. தெரியாத ஆளோ கடிக்கிற நாயோ உள்ளே வந்துவிட்டால் பிள்ளைகளை என்ன செய்வது என்று பள்ளியை நடத்தும் பெரிய சிஸ்டர் ஒரு நாள் கேட்டார். அதற்காக நான் யோசித்துச் செய்த விளையாட்டு இது.

முதலில் மணி கிடையாது. நானே "வாங்க" என்று கூப்பிடுவேன். ஒரு நாள் எங்கள் வேன் ஓட்டும் அண்ணன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் குரலை அப்படியே மூக்கால் இழுத்து, "வாங்க செல்லங்களா, வாங்க" என்று கூப்பிட்டார். அத்தனை பேரும் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் இடத்தில் வேறு யாராவது நின்றிருந்தால்?

அன்றே விதியை மாற்றினேன். யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது. சிஸ்டர் கூப்பிட்டாலும், அம்மா கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும் வரக்கூடாது. மணி மட்டும்தான். பிறகு ஏமாற்றி ஏமாற்றிப் பழக்கினேன். "மிட்டாய் வந்திருக்கு", "வேன் கிளம்பப் போகுது", "அம்மா வந்தாச்சு." வெளியே வந்தவர்கள் அவுட்.

ஒரு தடவைகூட அவுட் ஆகாதவள் நீதிபதி. நாலு வயதுப் பெண். தையல்கார அக்காவின் மகள். நீதிபதி என்று பெயர் வைத்தது எங்கள் சமையல்கார அக்கா. "நேத்து ரெண்டு பிஸ்கட் குடுத்தீங்க, இன்னைக்கு ஏன் ஒண்ணு?" என்று தட்டோடு அடுப்படி வாசலில் நின்று விசாரணை நடத்தும் பிள்ளைக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

வகுப்பில் கைதட்டினார்கள். மேடம், "ரொம்ப யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க" என்றார். அந்த மிதப்பில்தான் மணியை மறந்திருக்கிறேன். மாத்திரை மட்டும், "பிள்ளைங்க பயந்துக்காதா?" என்று கேட்டாள். "சேச்சே, விளையாட்டுதானே" என்றேன். அது பதில்தானா என்று இப்போது தெரியவில்லை.

நாளை: மணி இல்லாததால் ஆட்டம் வேண்டாம். வண்ணத்தாள் கிழித்து ஒட்டுவது.


ஜூன் 12, புதன்

எழுத்து கோணலாகத்தான் வரும். இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால் மனம் கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

காலையில் வண்ணத்தாள் ஒட்டினோம். பசை கைகளில் மட்டுமல்ல, முழங்கை, மூக்கு, தலைமுடி எல்லாவற்றிலும் இருந்தது. பாதிப் பேரைக் கை கழுவ வெளியே குழாயடிக்கு அனுப்பிவிட்டு நான் கூடத்தின் வாசலில் நின்றேன். இரண்டு பக்கமும் கண் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் இடிந்த சுவர் வழியாக அந்த நாய் உள்ளே வந்தது. பால்பண்ணையில் கன்றுக்குட்டியைக் கடித்துவிட்டு யார் கைக்கும் சிக்காமல் சுற்றுவதாக ஊரில் பேசிக்கொண்ட அதே செவலை நாய். அது ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்தது. தலை தொங்கியிருந்தது. வாயிலிருந்து கயிறு மாதிரி எச்சில் வழிந்தது. எனக்கும் குழாயடிக்கும் நடுவில் வந்து நின்றது.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் கத்தியிருக்கிறேன். "எலிக்குஞ்செல்லாம் வளைக்குள்ள!"

பிள்ளைகள் சிதறினார்கள். அழவில்லை, கத்தவில்லை. இத்தனை நாள் பழக்கியது வீண்போகவில்லை என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. அதை நினைத்தால் இப்போது என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் முற்றத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. நாயும் நானும் மட்டும்.

சத்தம் கேட்டு வேன் அண்ணன் டயர் கழற்றும் கம்பியோடு ஓடி வந்தார். சமையல்கார அக்கா காய்கறி கழுவிய தண்ணீரை அண்டாவோடு தூக்கி வீசினார். பாதி அண்ணன் மேல் விழுந்தது. நாய் பல்லைக் காட்டியது. பிறகு வந்த வழியே தாவி, சோளக்காட்டுக்குள் போய்விட்டது.

"கடிக்கிற நாயைக் குளிப்பாட்டவா கூப்பிட்டாங்க உன்னை?" என்று அண்ணன் சட்டையைப் பிழிந்தார்.

"உனக்குத்தான்யா ஊத்துனேன். குளிச்சு எத்தனை நாளாச்சோ" என்றார் அக்கா.

மூன்று பேரும் சிரித்தோம். ஆபத்து போய்விட்டது என்று நினைத்துச் சிரித்தோம்.

நான் கைதட்டினேன். "போதும், எல்லாரும் வாங்க. நாய் போயிடுச்சு."

மேசைக்கு அடியிலிருந்து ரெட்டைச்சடைக்காரி தலையை மட்டும் நீட்டினாள். "மணி எங்க டீச்சர்?"

"மணி ஊருக்குப் போயிருக்கு. பரவாயில்ல, வா."

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருவன். அவனைப் பார்த்து மற்றவர்கள். தேவாலயத்தின் பெஞ்சுகளுக்கு அடியிலிருந்து, வேனுக்குள்ளிருந்து, கழிப்பறையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். நான் தலையை எண்ணுவதில்லை. எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடுவார்கள். எங்கள் வழக்கம் டம்ளர்தான். ஒவ்வொருவர் டம்ளரிலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். பால் ஊற்றித் தட்டில் வைத்தால் அவரவர் படத்தை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். தட்டு காலியானால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தட்டு காலியாகவில்லை. குடை படம் போட்ட டம்ளர் ஒன்று மட்டும் நின்றது. பால்மேல் ஆடை படியத் தொடங்கியிருந்தது.

குடை, நீதிபதியுடையது.

முதலில் நான் பதறவில்லை. "நீதிபதியம்மா, பால் ஆறுது" என்று கூப்பிட்டுக்கொண்டே கழிப்பறையைப் பார்த்தேன். அடுப்படி. வேன். தேவாலயத்தில் பெஞ்ச் பெஞ்சாகக் குனிந்து பார்த்தேன். பீடத்துக்குப் பின்னால் பார்த்தேன். திரும்பக் கூடத்துக்கு வந்து அலமாரிகளைத் திறந்தேன். ஜன்னல் ஓரத்தில் பாய்ப்பெட்டி இருக்கிறது. மதியம் பிள்ளைகள் படுக்கும் பாய்களை உருட்டி வைக்கும் நீளமான மரப்பெட்டி. அதன் கொக்கி வெளியில் மாட்டியிருந்தது. உள்ளே போன பிள்ளை வெளிக் கொக்கியை எப்படி மாட்ட முடியும்? அதனால் அதைத் திறக்கவில்லை. அடுத்ததற்குப் போய்விட்டேன். ஒழுங்காகத் தேடுகிறேன் என்று எனக்கு அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது.

தேட இடம் தீர்ந்தபோதுதான் பயம் வந்தது. அது எங்கிருந்தோ வரவில்லை. காலில் தொடங்கி மேலே ஏறியது.

குழாயடியில் நின்ற பிள்ளை. அங்கிருந்து நாலெட்டில் இடிந்த சுவர். அதற்கு அப்பால் சோளக்காடு. நாயும் அந்தப் பக்கம்தான் போனது. இன்னொரு பக்கம் கிணறு. மேலே கம்பி வலை போட்டிருக்கிறது, ஆனால் ஒரு மூலை துருப்பிடித்து மடங்கியிருக்கிறது.

பெரிய சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டார். எப்போதும் என்னைக் கணக்குப்பிள்ளை என்று கிண்டல் செய்பவர். எதையும் எழுதி எழுதி வைப்பதால்.

"யாரு?"

"நீதிபதி, சிஸ்டர்."

ஒரு வினாடி கண்ணை மூடித் திறந்தார். "மத்த பிள்ளைங்க எல்லாரையும் கோயிலுக்குள்ள உக்கார வைங்க. கதவைச் சாத்துங்க. தம்பி, நீ கிணத்தைப் பாரு. நான் அவங்க அம்மாவுக்குப் போன் பண்றேன்."

அதற்குள் செய்தி பரவிவிட்டது. பால்பண்ணை ஆட்கள் கழிகளோடு வந்தார்கள். சோளக்காட்டுக்குள் வரிசையாக இறங்கினார்கள். தட்டைகள் முறியும் சத்தமும், "பாப்பா! ஏ பாப்பா!" என்ற கூப்பாடும் எல்லாப் பக்கமும் கேட்டன. வேன் அண்ணன் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கொக்கியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினார். அது அடியில் கல்லை உரசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் பல் கூசியது. கொக்கி ஒரு முறை எதிலோ மாட்டியது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மெதுவாக இழுத்தார். பழைய சாக்கு.

"தங்கச்சி, நீ இங்க நிக்காத" என்றார். "போ. போய் வேற எங்கயாவது தேடு."

தையல்கார அக்கா ஓடி வந்தபோது கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு. வந்ததும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் கிணற்றை எட்டிப் பார்த்தார். அண்ணன் தோளைப் பிடித்து நகர்த்தினார். "இங்க இல்லைம்மா. பாத்தாச்சு. இங்க இல்ல."

"அப்போ எங்க? காலையில நான்தானே தலை சீவி அனுப்பினேன். எங்கய்யா?"

முற்றம் முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டார். "தங்கம்! அம்மா வந்துட்டேன்டா! வாடா கண்ணு, வீட்டுக்குப் போலாம்!" குரல் உடைந்துகொண்டே வந்தது. கூடத்துக்குள் வந்தபோது கால் மடங்கியது. நானும் சமையல்கார அக்காவும் இரண்டு பக்கமும் தாங்கி, கைக்கெட்டிய இடத்தில் உட்கார வைத்தோம். பாய்ப்பெட்டியின் மேல்.

அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கோபமாக, கெஞ்சலாக, பிறகு வெறும் மூச்சாக. "வந்துடுடி. அம்மா அடிக்க மாட்டேன். வந்துடு."

நான் தண்ணீர் கொண்டுவர நடைக்கு வந்தேன். தேவாலயத்தின் பக்கக் கதவு அங்கேதான். சாத்தியிருந்த கதவின் இடுக்கில் ரெட்டைச்சடைக்காரி வாயை வைத்துப் பேசினாள்.

"டீச்சர், நீதிபதியோட அம்மா ஏன் கத்துறாங்க?"

"ஒண்ணும் இல்ல. நீ போய் உக்காரு."

"அவ வரமாட்டா டீச்சர். மணி அடிக்கலையே."

சொம்பு என் கையிலிருந்து விழுந்தது.

அப்போது என் தலைக்குள் நடந்ததை அப்படியே எழுத முயற்சி செய்கிறேன். முதலில் வந்தது நிம்மதி. அவள் காட்டில் இல்லை, ஒளிந்திருக்கிறாள். இரண்டாவதாக வந்தது சந்தேகம். கிணறும் நாயும் இல்லை என்று இருக்க வேண்டும் என்பதற்காக நானே ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேனோ? இதைச் சொல்லி, எல்லோரும் தேடுவதை நிறுத்திவிட்டு, அவள் உண்மையில் காட்டில் இருந்தால்? மூன்றாவதாக வந்ததுதான் மிக மோசம். ஒளிந்திருந்தால் இவ்வளவு நேரம் எங்கே? நாங்கள் பார்க்காத இடம் எது? அங்கே மூச்சு விட முடியுமா?

சிஸ்டரிடம் ஓடினேன். சொன்னேன். மணியை மாலை வகுப்பில் விட்டுவிட்டு வந்ததையும் சொன்னேன். பள்ளிப் பொருளை அனுமதி கேட்காமல் எடுத்துப்போனதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "காட்டுல தேடுறவங்க தேடட்டும். நிறுத்த வேண்டாம். நீ மணிக்கு வழி பண்ணு. வேற மணி எதுனா சரிப்படுமா?"

எல்லாவற்றையும் அடித்தோம். வேன் அண்ணன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே சுற்றி வந்தார். சமையல்கார அக்கா கரண்டியால் தட்டைத் தட்டினார். சிஸ்டரே கயிற்றைப் பிடித்துத் தேவாலயத்தின் பெரிய மணியை அடித்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. அவள் வரவில்லை. வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். போன வாரம் நான் சாவிக்கொத்தைக் குலுக்கி ஏமாற்றப் பார்த்தேன். நாலைந்து பேர் அவுட். அவள் மட்டும் கடைசியில் வந்து, "அது மணி இல்ல, சாவி" என்றாள். நான் அவளைப் பாராட்டினேன். எல்லோரையும் அவளுக்குக் கைதட்டச் சொன்னேன்.

டவுனுக்குப் போய் மணியை எடுத்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. மாத்திரைக்குப் போன் போட்டேன்.

"மணி எங்க இருக்கு?"

"என் பையிலதான். கல்லாவுக்குக் கீழ. ஏன்டி, குரல் ஒரு மாதிரி..."

"அதை எடு. போன் பக்கத்துல வெச்சு அடி."

"இப்பவா? கடையில கூட்டம்டி. இருமல் மருந்து கேட்டு ஒருத்தர்..."

"பிள்ளை ஒண்ணைக் காணோம். மணி அடிச்சாதான் வரும். நான் சொல்றப்போ அடி. நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "சொல்லு. தயாரா இருக்கேன்."

போனின் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். தேவாலயத்துக்கு ஓடினேன். பாடகர் குழுவின் மைக்கை எடுத்தேன். அதன் ஒலிபெருக்கிகளில் ஒன்று கூடத்தில், இன்னொன்று வெளியே முற்றத்தில். சிஸ்டர் ஒலிபெருக்கிப் பெட்டியின் குமிழ்களைத் திருகினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சொலி. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். போனை மைக்கில் ஒட்டிப் பிடித்தேன்.

"அடி."

வந்தது. கரகரப்பாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல. ஆனால் அதே மணி. கொஞ்சம் உடைந்த நாக்கோடு, இரண்டாவது அடியில் மட்டும் தடுமாறும் எங்கள் மணி.

சிஸ்டர் போனைப் பிடித்துக்கொள்ள, நான் கூடத்துக்கு ஓடினேன். மணிச் சத்தம் ஒலிபெருக்கியில் கொட்டிக்கொண்டிருந்தது. தையல்கார அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன இது? யாரு இந்த நேரத்துல..."

ஒரு பிள்ளையும் வரவில்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை. முற்றத்தில் வெயில் அப்படியே கிடந்தது. அந்த நேரத்தில்தான் நான் உள்ளுக்குள் ஒத்துக்கொண்டேன். காட்டில்தான் இருக்கிறாள். நாய்தான். முடிந்தது.

நான் நிறுத்தச் சொல்லாமலே மணி ஓய்ந்தது. மாத்திரையின் குரல் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது: "வந்துச்சாடி?"

அந்த அமைதியில் தையல்கார அக்கா சட்டென்று நிமிர்ந்தார். தான் உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தார்.

"தட்டுது" என்றார்.

அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் கைப்பிடித்து இழுத்தேன். கொக்கியைத் தூக்கும்போது என் நகம் பெயர்ந்தது இப்போதுதான் தெரிகிறது. மூடியைத் திறந்தேன். சூடான காற்று முகத்தில் அடித்தது.

பாய்களுக்கு மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மணி தூரத்துல அடிச்சுது டீச்சர். நிஜமா பொய்யான்னு தெரியல. அதான் கொஞ்சம் லேட்டு."

நான் குனிந்து கையை நீட்டினேன்.

"பாய் ஈரமாயிடுச்சு" என்றாள். உதடு பிதுங்கியது. "அதுக்கு அவுட்டா?"

தையல்கார அக்கா அவளை அள்ளிக்கொண்டார். எங்கே வலிக்கிறது, எங்கே அடிபட்டிருக்கிறது என்று துணி அளப்பது போலத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தோம். டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்தாள். அவள் குழாயடியிலிருந்து சுற்றிக்கொண்டு நடைப்பக்கக் கதவு வழியாக ஓடி வந்து, பெட்டிக்குள் ஏறி மூடியை இழுத்திருக்கிறாள். மூடி படாரென்று விழுந்த வேகத்தில் கொக்கி தானாக மாட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு வெறும் மூடியை நாங்கள் மூன்று நான்கு முறை போட்டுப் பார்த்தோம். ஒரு முறை மாட்டியது. மற்ற முறை மாட்டவில்லை.

பெட்டியின் பின்பக்கப் பலகையில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருக்கிறது. அதை அடைக்கச் சொல்லி சிஸ்டர் வேன் அண்ணனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். இன்று அந்த ஓட்டையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். "சொன்ன அன்னைக்கே அடைச்சிருந்தேன்னா..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. ஈரச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

காட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். டவுனிலிருந்து மருத்துவர் வந்து பார்த்தார். ஒன்றும் இல்லை, நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார். நாயைப் பால்பண்ணைக்காரர்கள் பிற்பகலில் வலை போட்டுப் பிடித்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு தையல்கார அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி அவர் மடியில் தூங்கிவிட்டாள். நான் எதிரில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. மணியைப் பற்றி, விதியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு முறை முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லித் திருத்தினேன்.

அவர் அளவு டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தூங்கியிருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து வந்ததும் நீதிபதி என் காதில் சொன்னது அதுதான்: "அம்மா என் மேல உக்காந்து அழுதாங்க. அப்பக்கூட நான் சத்தம் போடல. நான்தானே ஜெயிச்சேன்?"

"கேட்டிருக்குக்கா" என்றேன்.

"கேட்டும் வரல."

"ஆமா."

மகளின் கன்னத்திலிருந்த கோடுகளை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார், அழித்துவிடலாம் என்பது போல.

"டீச்சர், நான் பெத்த பிள்ளை. என் குரலுக்கு வரலைன்னா..." பிள்ளையை இறுக்கிக்கொண்டார். "இனிமே கடையில உக்காந்துகிட்டு நான் எப்படி நிம்மதியா ஊசி குத்துவேன்? ரோட்டுல ஓடுறா, நில்லுன்னு கத்துறேன். நிப்பாளா?"

"நான்தான்கா அப்படிப் பழக்கிட்டேன். நானே மாத்துறேன்."

"நீங்க மாத்திச் சொல்றப்போ நானும் இருக்கணும். என் காதால கேக்கணும். அப்புறம்தான் அனுப்புறதா வேண்டாமான்னு சொல்வேன்." எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். நாலெட்டு போய்த் திரும்பினார். "அந்தக் குடை டம்ளரை எடுத்து வைங்க. அது இல்லைன்னா பால் குடிக்க மாட்டா."

சிஸ்டர் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துப் போய் நின்றேன். "ஓடிப்போனா யாரு மாத்திச் சொல்லிக் குடுக்கிறது? நானா? உன் விளையாட்டுல எனக்கு அவுட் ஆகக்கூடத் தெரியாது" என்றார். பிறகு, "போய்ச் சாப்பிடு, கணக்குப்பிள்ளை" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

சாப்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஓர் அம்மா கூப்பிடுவது கேட்கிறது. உள்ளேயிருந்து பார்த்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருட்டு, வேர்வை, மேலே அம்மாவின் அழுகை. அதற்கு நடுவில் அவள் என் விதியைக் காப்பாற்றியிருக்கிறாள். மாத்திரை நேற்றுக் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்றுதான் பதில் தெரியும். பிள்ளைகள் பயந்தார்கள். பயந்துகொண்டே விளையாடினார்கள்.

நாளை: ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப்போக வேண்டும். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் பாய்ப்பெட்டியின் கொக்கியைக் கழற்ற வேண்டும். நனைந்த பாய்களைத் துவைத்து வெயிலில் போட வேண்டும். தையல்கார அக்கா வந்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, அம்மா கூப்பிட்டால் வெளியே வரவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நீதிபதி ஏன் என்று கேட்பாள். அவளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.